முக்காலியின் அடிப்பக்கம்

மார்ச் 3

அன்புள்ள எலிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம் என்று தொடங்க வேண்டும். நான் நலம். உன் மாமா இருமுகிறார். இருமாத நேரத்தில் அவரும் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை இன்னும் பென்சிலைத்தான் கடித்துக்கொண்டிருக்கிறாயா?

பீங்கான் கம்பெனியை மூடியதிலிருந்து வீடு முடங்கிக் கிடந்தது. இப்போது எனக்கு வேலை கிடைத்துவிட்டது. மேட்டுக்குக் கீழே புதிதாக ஒரு விடுதி. பன்னிரண்டு அறை. விரிப்பு மாற்ற வேண்டும், தரை துடைக்க வேண்டும், கழிப்பறை கழுவ வேண்டும். மேட்டில் ஏதோ பழைய கல்லறை அகப்பட்டதாம். அதைப் பார்க்க வண்டி வண்டியாக ஆட்கள். கல்லறையைச் சுற்றிக் கயிறு கட்டியிருப்பதால் எட்டி நின்றுதான் பார்க்க முடியும். அவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு அது போதவில்லை. பக்கத்தில் இருக்கும் கம்பெனிக் குப்பைமேட்டில் இறங்கிவிடுகிறார்கள்.

நேற்று நடந்ததைக் கேள். தொப்பி போட்ட ஒரு அம்மாள், மண்ணில் பாதி புதைந்து கிடந்த கழிப்பறைப் பீங்கானைக் கண்டுபிடித்தாள். கணவனைக் கூவி அழைத்தாள். இருவரும் மண்டியிட்டுக் கைக்குட்டையால் துடைத்தார்கள்.

"இதுல எண்ணெய் ஊத்தி விளக்கு ஏத்தியிருப்பாங்க."

"இல்ல, இது குழந்தையக் குளிப்பாட்டற தொட்டி. தடவிப் பாரேன், எவ்வளவு வழுவழுன்னு இருக்கு!"

அவர் உள்ளே கையை விட்டுத் தடவினார். நான் பக்கத்தில் விரிப்பு உலர்த்திக்கொண்டிருந்தேன். "அம்மா, அது கக்கூசு" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விருந்தினரைத் திருத்தக்கூடாது என்பது மேலாளர் கட்டளை. ஈர விரிப்பைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

இதை நீ படமாகப் போடாவிட்டால் உனக்கு வரையத் தெரியும் என்று நான் நம்ப மாட்டேன்.

மாமாவின் நெஞ்சைப் படம் எடுத்திருக்கிறார்கள். முடிவு வந்ததும் எழுதுகிறேன். படுக்கையை உதறிப் படு. அங்கே மூட்டைப்பூச்சி என்று எழுதியிருந்தாயே.

அக்கா


மார்ச் 15

அக்காவுக்கும் மாமாவுக்கும்,

நான் நலம். மூட்டைப்பூச்சிகள் என்னைவிட நலம்.

உன் கடிதத்தை அருங்காட்சியகத்து வரைபட அறையிலேயே பிரித்துவிட்டேன். சிரித்த சிரிப்பில் மை தெறித்து ஒரு பானையின் வாய் நாசமாகிவிட்டது. மறுபடி முதலிலிருந்து வரைந்தேன். அதனாலென்ன, ஞாயிற்றுக்கிழமை உன் தொப்பி அம்மாளைப் போட்டு முடித்துவிட்டேன். வார இதழ் அரைப் பக்கம் கொடுத்திருக்கிறது. இதோடு வைத்திருக்கிறேன், பார். கணவனும் மனைவியும் பூதக்கண்ணாடியோடு பீங்கானைப் பார்த்து உருகி நிற்கிறார்கள். பின்னால் குழாய் வேலைக்காரர் தோளில் மூடியோடு காத்திருக்கிறார்: "கொஞ்சம் தள்ளுங்க சார், இத மாட்டிட்டுப் போயிடறேன்."

மூலையில் வழக்கம்போல ஒரு சுண்டெலி. அதுதான் என் கையெழுத்து. அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் என் தற்காலிக வேலை தற்காலிகமாகக்கூட நிற்காது.

ஆசிரியர் இதைத் தொடராகக் கேட்கிறார். கண்ணில் படுவதையெல்லாம் எழுது. இந்தப் பழம்பொருள் பித்தர்கள்மேல் எனக்கிருக்கும் எரிச்சலுக்கு அளவில்லை. காலை பத்திலிருந்து மாலை ஐந்துவரை அவர்கள் பொறுக்கி வந்த ஓடுகளைப் புள்ளி புள்ளியாக வைத்து வரைகிறேன். பொறுக்கியவர் பெயர் புத்தகத்தில் வருகிறது. தோண்டியவன் பெயர் வருகிறதா? அதைக் கழுவித் துடைத்தவள் பெயர் வருகிறதா?

மாமாவின் படம் என்ன சொல்கிறது? எனக்கு முதன்முதலில் வரைபடப் பெட்டி வாங்கித் தந்தவர் அவர். நான் கேட்டேன் என்று சொல்.

உன் எலி


ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நினைத்து எழுதுகிறேன். இங்கே நலம் இல்லை.

முதலில் நல்ல செய்தி. உன் படத்தை விடுதிச் சமையலறையில் ஒட்டியிருக்கிறோம். பாத்திரம் கழுவுகிறவர் அதைப் பார்த்துப் பார்த்து ஒரு தட்டை உடைத்துவிட்டார். நேற்று கல்லறையைத் தோண்டுகிற பேராசிரியர் வந்தார். நாங்கள் துணி உலர்த்தக் கயிறு கட்டும் சிமெண்டுத் தூணை நாலு பக்கமும் அளந்து, வெற்றித் தூண் என்று நோட்டில் எழுதிக்கொண்டு போனார். தூணில் என் பாவாடை தொங்கிக்கொண்டிருந்தது. அது எந்த அரசனின் கொடியோ!

இனி நம் செய்தி. மாமாவின் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்கள். முழுக்க வெள்ளைப் புள்ளிகள். நீ வரையும் பானை மாதிரியேதான் இருந்தது. பத்தொன்பது வருடம் பீங்கான் தூசியைச் சுவாசித்ததால் வந்தது, போகாது என்றார்கள். தொழிலாளர் நெஞ்சு மருத்துவமனையில்தான் இதற்குப் படுக்கையும் காற்றுக் குழாயும் உண்டு. ஆனால் கம்பெனியில் வேலை செய்ததற்கு அத்தாட்சி கொண்டுவர வேண்டுமாம்.

கம்பெனி மேலாளரிடம் போனேன். "அந்தப் பேருல ஆளே இங்க இருந்ததில்லம்மா. போய் வேற கம்பெனியில கேளு. பதிவேட்டையெல்லாம் கரையான் அரிச்சுடுச்சு" என்றார்.

"கரையான் அரிச்ச பதிவேட்டுல எங்க வீட்டுக்காரர் பேரு இல்லன்னு எப்படிய்யா படிச்சீங்க?" என்று கேட்டேன். காவலாளி என் தோளைப் பிடித்து வெளியே விட்டான். அவன் அப்பாவும் அதே சூளையில் வெந்தவர்தான்.

அப்போதுதான் மாமா முக்காலியை ஞாபகப்படுத்தினார். நீ பார்த்திருப்பாய். சூளையில் பீங்கான் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அடியில் வைக்கும் மூன்று கால் மண் துண்டு, உள்ளங்கை அளவு. பச்சை மண்ணை அச்சில் வைத்துப் பெருவிரலால் அழுத்தினால் அடியில் கம்பெனி நட்சத்திரமும் சூளை எண்ணும் விழும். மேலே விரல் பதியும். ஒவ்வொருத்தரும் நகத்தால் தன் குறியும் போட வேண்டும். எதற்கு? பீங்கான் உடைந்தால் எவன் மேல் குற்றம் என்று கண்டுபிடிக்க. நம்மைத் திட்டுவதற்காக வைத்த குறி. மாமாவின் குறி இரண்டு நகக்கீறல். அவர் பெருவிரலில் இயந்திரம் கடித்த தழும்பு குறுக்கே ஓடுகிறதே, அதுவும் மண்ணில் அப்படியே விழும். அந்த விரல் உலகத்தில் வேறு யாருக்கும் கிடையாது. குப்பைமேட்டில் அவர் முக்காலிகள் நூற்றுக்கணக்கில் கிடந்தன.

கிடந்தன என்று எழுதுகிறேன். நேற்று கூடையோடு போனேன். குப்பைமேட்டைச் சுற்றிக் கம்பி வேலி. பேராசிரியரின் ஆட்கள் முக்காலிகளை ஒன்று விடாமல் பொறுக்கி, பஞ்சில் வைத்துப் பெட்டி கட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். கல்லறைப் பொருளாம்!

உன் அருங்காட்சியகத்துக்குத்தான் வந்திருக்கும். பார்த்தாயா? அடியில் நட்சத்திரமும் மேலே தழும்பும் இருக்கும் ஒன்றே ஒன்று போதும். உடனே எழுது.

அக்கா


மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுதத் தாமதம். இங்கே வெயில் சகிக்கவில்லை. மை பேனாவிலேயே உலர்ந்துவிடுகிறது. மாமாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? வெதுவெதுப்பான நீரே கொடு.

கம்பெனிக்காரன் பேசியதைப் படித்து ரத்தம் கொதித்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள். நீ கேட்ட கேள்விக்கு அவன் இன்னும் பதில் தேடிக்கொண்டிருப்பான்.

நீ கேட்டிருந்த பொருள்பற்றி: இங்கே தினமும் எத்தனையோ பெட்டிகள் வருகின்றன. எல்லாம் என் மேசைக்கு வருவதில்லை. வந்தாலும் எந்தப் பெட்டி எங்கிருந்து என்பது வரைகிறவனுக்குத் தெரிய வேண்டியதில்லை என்பது இங்கே வழக்கம். வேறு ஏதாவது அத்தாட்சி கிடைக்குமா பார். பழைய அடையாள வில்லை, கூட வேலை செய்தவர்களின் சாட்சி, இப்படி.

வெற்றித் தூணை முழுப் பக்கத்துக்குப் போட்டிருக்கிறேன். நல்ல வரவேற்பு. மூன்று கடிதங்கள் வந்ததாக ஆசிரியர் சொன்னார்.

உன் எலி


மே 16

தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே உடம்பைப் பார்த்துக்கொள்வதுதான் முழுநேர வேலை.

மாமா இப்போது படுத்துத் தூங்குவதில்லை. நாற்காலியில் சாய்ந்துதான். வாசலிலிருந்து குழாய்வரை போக இரண்டு இடத்தில் நிற்கிறார். நிற்பது தெரியக்கூடாது என்று, ஒரு இடத்தில் செருப்பைச் சரிசெய்கிறார், இன்னொரு இடத்தில் வானத்தைப் பார்க்கிறார்.

அடையாள வில்லையைக் கம்பெனி மூடிய அன்றே கதவில் நின்று பிடுங்கிக்கொண்டார்கள், உனக்குத் தெரியும். கூட வேலை செய்தவர்களின் சாட்சி செல்லாது. அவர்களுக்கும் அத்தாட்சி கிடையாதே! இல்லாதவனுக்கு இல்லாதவன் சாட்சியாம்.

உன் தூண் படத்தைப் பார்த்தேன். பேராசிரியரின் வழுக்கைத் தலை அழகு. ஆனால் பக்கத்தில் துணிக்கூடையோடு ஒருத்தியை நிறுத்தியிருக்கிறாயே, வாயைப் பிளந்துகொண்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரிய. அது யார்? அந்தப் பத்திரிகையை ஒன்பதாம் அறைக்காரர்கள் கையோடு கொண்டுவந்தார்கள். என்னைத் தூணுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். "அப்படியே வாயத் திறந்து நில்லும்மா, படத்துல மாதிரி." மேலாளர் பார்த்துக்கொண்டிருந்தார். நின்றேன்.

அளக்கிறவனை முட்டாள் என்கிறாய், சரி. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவளையும் ஏன் முட்டாளாகப் போட்டாய்? அவளுக்குத்தானே அங்கே விஷயம் தெரியும்?

அதை விடு. முக்காலியைப் பார்த்தாயா, இல்லையா? சுற்றி வளைக்காதே. பார்த்தேன் என்றால் பார்த்தேன் என்று எழுது.

அக்கா


ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

மன்னித்துக்கொள், புதுக் கூடத்தின் திறப்பு விழா வேலை மூச்சுவிட விடவில்லை. எல்லா வரைபடங்களும் அச்சுக்குப் போய்விட்டன.

ஒரு செய்தி: என் வேலை நிரந்தரமாகிவிட்டது. ஆணை சென்ற வாரம் கைக்கு வந்தது. இனி எனக்கும் தனி மேசை விளக்கு. மாமாவிடம் சொல், சந்தோஷப்படுவார்.

அவர் இப்போது எப்படி இருக்கிறார்? ஆவி பிடித்தால் கொஞ்சம் இளகும் என்கிறார்கள்.

வேறு விசேஷம் இல்லை.

தம்பி


ஜூலை 11

தம்பிக்கு,

உன் நிரந்தர வேலை நலமா? மேசை விளக்கு நன்றாக எரிகிறதா?

முந்தாநாள் ஆறாம் அறையைக் கூட்டினேன். காலி செய்து போனவர்கள் ஒரு புத்தகத்தைக் குப்பைக்கூடையில் போட்டிருந்தார்கள். உங்கள் அருங்காட்சியகம் போட்ட புத்தகம், வழவழத் தாள். பதினேழாம் பக்கத்தில் மாமாவின் கட்டைவிரல்.

முழுப் பக்கம். "கண்மூடாத் தெய்வம். மூன்று கால்கள் மூவுலகைக் குறிக்கும். இரு கீறல்கள் கண்கள். குறுக்குக் கோடு, பேசாத வாய். காலம்: இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்." துடைப்பத்தைப் போட்டுவிட்டு இன்னொரு முறை படித்தேன்.

யார் வரைந்தது என்று போடவில்லை. போட வேண்டியதுமில்லை. படத்துக்குக் கீழே அளவுகோல் போட்டிருக்கிறதே, அந்தக் கோடு முடிகிற இடத்தில் ஒரு சின்னக் கொக்கி. உன் பள்ளிக்கூட நோட்டில் எல்லாக் கோட்டுக்கும் இருந்த அதே கொக்கி. முனை உடைந்த ஸ்கேலை இன்னும் நீ தூக்கி எறியவில்லை. அந்த ஸ்கேலை உன் முதுகில் உடைத்தவள் நான். எனக்குத் தெரியாதா?

அதனால்தான் கேட்கிறேன். மற்ற பொருளுக்கெல்லாம் மேலே, பக்கவாட்டில், அடியில் என்று மூன்று படம் போட்டிருக்கிறாய். உடைந்த சட்டிக்குக்கூட அடிப்பக்கம் உண்டு. இதற்கு மட்டும் ஏன் இரண்டே படம்? நட்சத்திரம் எங்கேடா?

அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாமாவோடு மருத்துவமனை அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தரிடம் பக்கத்தைப் பிரித்து வைத்து, மாமாவின் விரலையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். தழும்பு, கீறல், எல்லாம் சரியாக இருந்தது. அவருக்கே ஆச்சரியம். பிறகு கீழே இருப்பதைப் படித்தார். சிரிக்கத் தொடங்கினார்.

"இதுல ரெண்டாயிரம் வருஷம்னு போட்டிருக்கே? அப்போ உன் புருஷனுக்கு என்னம்மா வயசு?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். சிரித்தால் அவருக்கு இருமல் வரும். வந்தது. நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்துவிட்டார். அப்போதும் இரண்டு பேர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இந்த வேடிக்கைக்கு ஒரு படம் போடேன். அரைப் பக்கத்துக்குக் காணும்.

திரும்பி வரும்போது மாமா பஸ்ஸில் சொன்னார்: "எவ்வளவு சுத்தமா வரைஞ்சிருக்கான் பாரு. என் விரலு ரேகைகூட எண்ணலாம்." உன்னைப் பாராட்டினார். எனக்கு அங்கேயே இறங்கிவிடலாம் போல இருந்தது.

அக்கா


ஜூலை 30

தம்பிக்கு,

பதில் இல்லை. உனக்கும் வாயில் குறுக்குக் கோடு விழுந்துவிட்டதா?

மருத்துவமனையில் எட்டாம் படுக்கை காலியானது. நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதே இன்னொருவருக்குப் போனது. அவரிடம் காகிதம் இருந்தது.

ஆகஸ்ட் இருபதாம் தேதி கடைசி விசாரணை. அதற்குப் பிறகு மனுவை மூடிவிடுவார்கள்.

அக்கா


ஆகஸ்ட் 6

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. நேராக எழுதுகிறேன்.

மார்ச் கடைசியிலேயே பார்த்தேன். பஞ்சை விலக்கியதும் மாமாவின் விரல். உன் கடிதம் அதற்குப் பிறகு வந்தது. ஆக, நீ கேட்கும்போது அது என் மேசையில்தான் இருந்தது. உன் கடிதத்தின் மேல் பறக்காமல் இருக்க வைத்திருந்தேன்.

வழக்கப்படி மூன்று படமும் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அருங்காட்சியக இயக்குநர் மூன்றாவதைத் தனியாக எடுத்து வைத்தார்.

"அடிப்பக்கம் எதுக்குப்பா? வெறும் மண்ணு. பக்கம் வீண்."

"நட்சத்திரம் இருக்கு சார். எண்ணும் இருக்கு. கம்பெனி அச்சு மாதிரி."

"பின்னாடி எவனாவது விளையாடியிருப்பான். பரிசோதனைக்கு அனுப்பியிருக்கோம், முடிவு வர ரெண்டு வருஷம் ஆகும். விழா ஜூன்ல. கல்லறையில ஒரு மண்டை ஓடு, அஞ்சு பானை. புதுக் கூடத்துல நாப்பது கண்ணாடிப் பெட்டி. மீதிப் பெட்டில நான் என்ன, என் தலையையா வைக்கறது?"

அவருக்குத் தெரியும் அக்கா. பேராசிரியர் நம்புகிறார், இவருக்குத் தெரியும். என் நிரந்தரக் கோப்பு அவர் மேசை ஓரத்தில் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை, அதைப்பற்றிப் பேசவும் இல்லை. நான்தான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "சரி சார்" என்றேன். அந்த இரண்டு சொல்லுக்குத்தான் மேசை விளக்கு.

ஞாயிற்றுக்கிழமை அவர்களைக் கேலி செய்து வரைவேன், திங்கட்கிழமை அவர்களுக்காக வரைவேன். கேலி செய்வதாலேயே நான் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவன் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கூடைக்காரியின் பல்லை வரைந்தவனும் நான்தான்.

இதோடு இருப்பவை: முக்காலியின் அடிப்பக்கம், கூடவே மேல்பக்கம், உள்ளது உள்ளபடி, ஒன்றுக்கு ஒன்று அளவில். நட்சத்திரம், மூன்றாம் சூளை எண், எல்லாம். வரைந்தவன் நான், நீக்கச் சொன்னவர் இன்னார், நீக்கியவன் நான் என்று எழுதி, சாட்சிகள் முன் கையெழுத்திட்ட காகிதமும் இருக்கிறது. என் மேசைக்கு வந்த முக்காலிகள் நாற்பத்து மூன்றின் அடிப்பக்கங்களையும் பென்சிலில் என் குறிப்பேட்டில் போட்டு வைத்திருக்கிறேன். பழக்கத்தில் கை போட்டுவிட்டது. கைக்கு இருந்த யோக்கியம் எனக்கு இல்லை.

வார இதழையும் வைத்திருக்கிறேன். கடைசிப் படம். ஒரு வரைபட மேசை, அதன்மேல் முக்காலி, சுற்றிலும் பூதக்கண்ணாடிகள். மேசைக்குக் கால் மூன்றுதான். நாலாவது கால் இருக்க வேண்டிய மூலையில் ஒரு ஆள் குந்தி, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, தலையால் மேசையைத் தாங்குகிறார். மேசையில் வரைகிறவன் கீழே பார்க்கவில்லை. அவன் முகம் என் முகம். மூலையில் எலி இல்லை. என் பெயர் இருக்கிறது.

படம் வந்த அன்று மாலையே வெளியே அனுப்பிவிட்டார்கள். விளக்கை அணைத்துவிட்டு வந்தேன்.

தம்பி


ஆகஸ்ட் 29

தம்பிக்கு,

சாப்பிட்டாயா? வேலை இல்லாதவன் முதலில் சாப்பாட்டில்தான் மிச்சம் பிடிப்பான். அதைச் செய்யாதே.

இருபதாம் தேதி நடந்ததைச் சொல்கிறேன். அறையில் ஒரு பெண் மருத்துவர், அந்தச் சிரிப்பு எழுத்தர், கம்பெனி சார்பில் கோட்டுப் போட்ட ஒருவர். உன் படத்தையும் காகிதத்தையும் வைத்தேன். மருத்துவர் இரண்டு முறை படித்தார். எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் மாவைக் குழைத்துக்கொண்டு வரச் சொன்னார். "இதுல அழுத்துங்க பெரியவரே" என்றார். மாமா அச்சில் அழுத்துவதுபோல ஒரு சுழற்றுச் சுழற்றி அழுத்தி, கேட்காமலே நகத்தால் இரண்டு கீறலும் போட்டுவிட்டார். பத்தொன்பது வருடப் பழக்கம். மருத்துவர் உன் படத்தின் மேல் அளவுகோலை வைத்தார், மாவின் மேல் வைத்தார். தலையை ஆட்டினார்.

கோட்டுக்காரர் விடுவாரா? "படத்துல யார் வேணா நட்சத்திரம் போடலாம் டாக்டர். எங்க கம்பெனி எந்தக் காலத்திலயும் நட்சத்திர முத்திரை வெச்சதே இல்ல" என்றார்.

தம்பி, தினம் பன்னிரண்டு கழிப்பறை கழுவுகிறவள் நான். எந்தத் தொட்டிக்கு அடியில் துடைத்தாலும் கம்பெனிப் பெயரோடு விரலில் தட்டுகிற நட்சத்திரம் அது. அந்த அறை மூலையிலேயே மருத்துவர் கைகழுவும் தொட்டி இருந்தது. எழுந்து போனேன். அடியில் கையை விட்டுத் தடவினேன். "குனிஞ்சு பாருங்க டாக்டர்" என்றேன்.

மருத்துவர் குனிந்தார். எழுத்தர் குனிந்தார். கோட்டுக்காரர் மட்டும் நிமிர்ந்தே நின்றார். "சார், நீங்களும் பாருங்க. விளக்கு ஏத்தற கிண்ணமான்னு சொல்லுங்க" என்றேன். எழுத்தர் சிரித்துவிட்டார். அன்றைக்கு அந்தச் சிரிப்பு எனக்குத் தேவைப்பட்டது.

மனு ஏற்கப்பட்டது. படுக்கை கிடைக்க மேலும் எட்டு நாள் ஆயிற்று. நேற்று பதினான்காம் படுக்கையில் சேர்த்தோம். குணமாகாது, மூச்சு மட்டும் கொஞ்சம் சுலபமாகும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நாலு மாதம் முன்பே வந்திருந்தால் என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நீ மன்னிப்புக் கேட்கவில்லை. கவனித்தேன். கேட்காததே நல்லது; கேட்டிருந்தால் இல்லை என்று எழுத வேண்டியிருக்கும். அந்த நாலு மாதத்தை நான் யாரிடம் போய்த் தோண்டி எடுப்பது?

உங்கள் அருங்காட்சியகத்துக்குப் போய்வந்த விருந்தினர் சொன்னார்: தெய்வம் இன்னும் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் இருக்கிறதாம். "காலம்: ஆய்வில் உள்ளது" என்று சீட்டை மட்டும் மாற்றியிருக்கிறார்களாம். கூட்டம் குறையவில்லையாம்.

மாமா உனக்கு எழுத வேண்டும் என்று காகிதம் கேட்டார். கொடுத்திருக்கிறேன். மெதுவாகத்தான் எழுதுவார்.

அக்கா


செப்டம்பர் 12

மச்சானுக்கு,

மாமா எழுதறேன். மூக்கில் குழாய் இருக்கிறது, கையில் இல்லை. அதனால் எழுத முடிகிறது. ஒரு வரி, ஒரு ஓய்வு.

அக்கா கோபமாகத்தான் இருப்பாள். இருக்கட்டும். அவள் கோபப்படாமல் இருந்திருந்தால் நான் இந்நேரம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்திருப்பேன்.

எனக்கும் கோபம் உண்டு. கத்திச் சொல்லக் காற்று இல்லை. அதனால் ஒரு வேலை சொல்கிறேன். நாற்பத்து மூன்று அடிப்பக்கம் உன் நோட்டில் இருக்கிறதாமே. மேல்பக்கமும் உனக்கு ஞாபகம் இருக்கும். மூன்று கீறல் நெட்டையன். பாதி நிலா போட்டது செவிடன்; இயந்திரச் சத்தத்தில் காது போனவன். ஒரே நீளக் கீறல், பீடிக்காரன். போன வாரம் போய்விட்டான், அவன் பெண்டாட்டி இருக்கிறாள். பதினாறு பேர் வீட்டில் உட்கார்ந்து இருமுகிறார்கள். நோட்டைத் தபாலில் அனுப்பாதே. எடுத்துக்கொண்டு நீயே வா. யார் குறி எது என்று நான் சொல்கிறேன், நீ பெயர் எழுது. பிறகு அக்கா உன்னைத் திட்டட்டும். உட்கார்ந்து கேள்.

அந்த உடைந்த ஸ்கேலை மறக்காதே. அது அக்காவுக்கு வேண்டுமாம். எதற்கு என்று சொல்லவில்லை. முதுகில் தடித்த சட்டை போட்டுக்கொண்டு வா.

நர்ஸம்மாவிடம் மை வாங்கிக் கீழே விரல் வைத்திருக்கிறேன். பக்கத்தில் தேதி, மாதம், வருடம், பதினான்காம் படுக்கை, காலை மணி பத்து என்று எல்லாம் எழுதியிருக்கிறேன். நாளைக்கு எவனும் வந்து இது ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தினதுன்னு சொல்லிடக் கூடாது.